பெயர் ஒன்று, பட்டை இரண்டு

நாடுகளுக்கிடையிலான வியாபாரத்தில் வெல்வதும் தோற்பதும் விலையால் மட்டுமல்ல. நமது சமையலறைக் கறுவா சொல்லும் கதை.

நெய்ச்சோறு ஆக்கும்போது நெய் காய்ந்ததும் கறுவாத் துண்டைப் போடுகிறோம். கூடவே ஏலம், கராம்பு, றம்பை. நோன்புக் கஞ்சியிலும், இறைச்சிக் கறியிலும், பெருநாள் புரியாணியிலும் கறுவா இல்லாமல் வாசம் ஏது? அன்றாடம் கையில் படும் பொருள் என்பதால் அதைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சில்லறைக் கடையில் நாம் வாங்கும் இந்தச் சிறு பட்டைக்காக ஜெனீவாவில் நாடுகள் கூடிப் பேசியிருக்கின்றன. ஐரோப்பாவில் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. டென்மார்க்கில் பேக்கரிக்காரர்கள் கொதித்தெழுந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சொல்: தரம்.

'நல்ல சாமான் என்றால் தானாக விலைப்படும்' என்று நாம் சொல்லிக்கொள்வோம். உலகச் சந்தையில் அது பாதி உண்மைதான். சாமான் நல்லதாக இருக்கவும் வேண்டும், நல்லது என்று நிரூபிக்கவும் வேண்டும். எது நல்லது என்று எழுதிவைக்கும் இடத்தில் நமது ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நல்ல சாமான் துறைமுகத்தில் கிடக்க, மலிவுச் சாமான் விற்றுத் தீரும். கறுவாவின் கதையில் இம்மூன்றும் வருகின்றன.

எது கறுவா?

உலகில் 'சினமன்' என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பட்டைகள் விற்பனையாகின்றன. ஒன்று நமது நாட்டுக் கறுவா. நீர்கொழும்பிலிருந்து காலி, மாத்தறை வரையுள்ள கரையோரத்திலும் அதை அடுத்த உட்பகுதிகளிலும் விளைகிறது. மற்றது 'கேசியா' எனப்படும் பட்டை. சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் 'பட்டை' என்று கிடைப்பதிலும் பெரும்பகுதி இறக்குமதியாகும் கேசியாதான். இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். ஆனால் ஒரே மரமல்ல.

கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நமது கறுவா கடதாசி போல மெல்லியது. பல படைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டுப் போல இருக்கும். நிறம் இளம் பழுப்பு. விரலால் அழுத்தினால் நொறுங்கும். கேசியா தடித்த ஒற்றைப் பட்டை. இரு ஓரமும் உள்நோக்கி வளைந்திருக்கும், நிறம் கருஞ்சிவப்பு, கையால் உடைப்பது கடினம். வாசமும் வேறு. கறுவாவின் வாசம் மென்மையானது. கேசியா காரமாக மூக்கில் ஏறும்.

நமது கறுவாவைச் செய்வது மிகவும் நுணுக்கமான கைவேலை. கிளையை வெட்டி, வெளித்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் உருட்டித் தேய்த்து இளக்கி, கத்தியால் உட்பட்டையை முழுசாகக் கழற்றியெடுக்க வேண்டும். பின் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, 42 அங்குல நீளக் குழலாக்கி நிழலில் காயவிட வேண்டும். இந்தக் கைப்பக்குவம் ஒரு நாளில் வராது. இதனால்தான் நமது கறுவா கேசியாவைவிடப் பல மடங்கு விலை கூடியது. ஆனால் தூளாக அரைத்துப் போத்தலில் அடைத்துவிட்டால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் சாதாரண வாடிக்கையாளருக்கு எது எதுவென்று தெரியாது. இரண்டின் மேலும் 'சினமன்' என்றுதான் எழுதியிருக்கும். பெயர் ஒன்றாக இருந்தால் விலை குறைந்ததே ஓடும். உலகில் விற்கும் உண்மைக் கறுவாவில் மிகப் பெரும்பகுதி இலங்கையில் விளைந்தது. இருந்தும் மொத்தச் சந்தையில் கேசியாவே மலையாகக் குவிந்திருப்பதன் இரகசியம் இதுதான்.

மென்று பார்த்த வைத்தியர்கள்

தரம் பார்ப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. போர்த்துக்கேயர் வருவதற்கு முன் இலங்கைக் கறுவாவைக் கடல் கடந்து கொண்டுபோனவர்களில் முஸ்லிம் வியாபாரிகளே முதன்மையானவர்கள். பின்னர் போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் அந்த வியாபாரத்தைத் தமது தனியுரிமையாக்கிக் கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சுக்காரர் மருதானைப் பக்கம் கறுவாவைத் தோட்டமாகவே பயிரிட்டார்கள். கொழும்பு 7க்குக் 'கறுவாத்தோட்டம்' என்று பெயர் வந்ததும் அந்தப் பயிரால்தான்.

டச்சுக் கம்பெனியில் கறுவாவைப் பரிசோதித்தவர்கள் யார் தெரியுமா? கம்பெனியின் வைத்தியர்கள்! மூட்டை மூட்டையாக வரும் பட்டையிலிருந்து துண்டு துண்டாக எடுத்து வாயிலிட்டு மென்று பார்ப்பதே அவர்களின் வேலை. சில நாட்களில் நாக்கும் வாயும் புண்ணாகிவிடும். எரிச்சல் தணிய இடையிடையே பாணும் வெண்ணெய்யும் சாப்பிடுவார்களாம். அக்காலத்தில் இங்கு வந்துபோன ஐரோப்பியப் பயணிகள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

சந்தையில் தரம் பார்க்கும் அதிகாரி என்ற எண்ணம் நமக்கும் புதிதல்ல. அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரின் பெயராலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிற்காலத்து முஸ்லிம் நகரங்களில் 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி கடைத்தெருவைச் சுற்றி வந்து தராசையும், ரொட்டியையும், பாலையும் பரிசோதித்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மதீனாச் சந்தையைக் கவனிக்கும் பொறுப்பு அஷ்ஷிஃபா என்ற பெண்மணியிடம் கொடுக்கப்பட்டதாகச் சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சாமானின் நல்லது கெட்டதை அறிவதில் பெண்களின் கண் கூர்மையானது என்பது சமையலறைக்குள் போய்வரும் எவருக்கும் தெரிந்ததுதானே!

நாவிலிருந்து எழுத்துக்கு

இன்று நாவுக்குப் பதில் ஆய்வுகூடம் வந்துவிட்டது. வைத்தியரின் தீர்ப்புக்குப் பதில் எழுத்தில் கட்டளைகள் வந்துவிட்டன. இலங்கையில் அவற்றை வகுப்பது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். 1964ஆம் ஆண்டின் சட்டத்தால் தொடங்கி, 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் இன்றைய பெயரைப் பெற்றது. தண்ணீர்ப் போத்தலிலும் டின் மீனிலும் நாம் காணும் 'எஸ்.எல்.எஸ்.' முத்திரை இதனுடையதே.

கறுவாவுக்கு உள்ள இலங்கைக் கட்டளையின் இலக்கம் எஸ்.எல்.எஸ். 81. குழலின் பருமனையும் செப்பத்தையும் கொண்டு அது தரங்களைப் பிரிக்கிறது. ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய குழலுக்கு 'அல்பா' என்று பெயர். அதுவே உச்சத் தரம். அடுத்தடுத்து 'கொண்டினென்டல்', 'மெக்ஸிக்கன்', 'ஹம்பேர்க்' என்று இறங்கி வரும். பெயர்களைப் பாருங்கள்! எந்தச் சந்தை எதை விரும்பி வாங்கியது என்ற வரலாறே அதில் இருக்கிறது. மெக்ஸிக்கோக்காரர் இன்றும் நமது கறுவாவின் முதன்மை வாடிக்கையாளர்கள்.

நாட்டுக் கட்டளைக்கு மேலே உலகக் கட்டளைகள் இருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேச நிறுவனம் நமது கறுவாவுக்கு 6539 என்றும், கேசியாவுக்கு 6538 என்றும் வெவ்வேறு இலக்கங்களில் கட்டளை எழுதியிருக்கிறது. உணவுப் பொருட்களுக்கு 1963இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய 'கொடெக்ஸ்' ஆணைக்குழு இருக்கிறது. 1995 ஜனவரி முதலாம் திகதி உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது இக்கட்டளைகளுக்குப் புதிய பலம் வந்தது. எந்த நாடும் தன் மக்களின் உடல்நலத்தைக் காக்க எல்லைகளை விதிக்கலாம். ஆனால் அதற்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும், ஒரு நாட்டுக்கு ஒரு நீதி மறு நாட்டுக்கு ஒரு நீதி என்று இருக்கக் கூடாது என்பது அங்கு செய்துகொண்ட உடன்படிக்கை.

தீர்வை வரியைக் கூட்டி அடுத்த நாட்டுச் சாமானைத் தடுப்பது இதன்பின் கடினமாகிவிட்டது. ஆனால் தரம் என்ற பெயரில் வாசலை மூடுவதற்கு இன்னும் இடமிருக்கிறது. உண்மையான பாதுகாப்பு எது, பாதுகாப்பு என்ற போர்வையில் நடக்கும் போட்டி எது என்று பிரித்தறிவதுதான் சிக்கல்.

கந்தகப் புகையும் 150 மில்லிகிராமும்

கறுவாவுக்கு அந்தச் சிக்கல் கந்தகத்தால் வந்தது. ஈரக் காற்றுள்ள நமது கரையோரத்தில் காயவைத்த பட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி வரும். அதைத் தடுக்கவும் நிறத்தை வெளிறச் செய்யவும் கறுவாவுக்குக் கந்தகப் புகை காட்டுவது பழைய வழக்கம். புகையின் பின் பட்டையில் சிறிதளவு கந்தக ஈரொட்சைட்டு எஞ்சி நிற்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் எந்தெந்த உணவில் இந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. உலர்ந்த பழங்கள் போன்ற பல உணவுகள் அதில் இருந்தன. கறுவா இருக்கவில்லை! பட்டியலில் இல்லையென்றால் அனுமதி இல்லை என்று அர்த்தம். ஐரோப்பாவில் கறுவா விளைவதில்லை. அங்கு சட்டம் எழுதியவர்களுக்குக் காலியிலே பட்டை உரிப்பவரின் நினைவு வர நியாயமில்லை. நம்மைத் தடுக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஆயினும் தடை தடைதான். இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் நமது ஏற்றுமதியாளர்கள் இதனால் பெரும் நெருக்கடிக்கு ஆளானார்கள்.

இலங்கை என்ன செய்தது? கோபித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பின் குழுவில் பிரச்சினையை எழுப்பியது. கொடெக்ஸ் ஆணைக்குழுவுக்கும் கொண்டுபோனது. 2006 ஜூலையில் கொடெக்ஸ், மசாலாப் பொருட்களில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற எல்லையை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியச் சட்டத்திலும் அதே 150 மில்லிகிராம் இடம்பிடித்தது. அதிலும் ஒரு விசேஷம்: மசாலாப் பொருட்களில் இலங்கைக் கறுவாவுக்கு மட்டுமே என்று மரத்தின் விஞ்ஞானப் பெயரைக் குறிப்பிட்டே அச்சட்டம் இந்த அனுமதியைத் தருகிறது.

சின்ன நாடு, சின்னப் பொருள். ஆனால் விதி எழுதும் மேசைக்குப் போய், ஆதாரத்தைக் காட்டி, பேசி வென்றது.

வென்றதோடு வேலை முடிந்துவிடவில்லை. 150 என்ற இலக்கம் நமக்கும்தான் எல்லை. முன்பு கைக்கு வந்தபடி புகை காட்டியவர்கள் இப்போது அளந்து காட்ட வேண்டியதாயிற்று. வீட்டுத் திண்ணையில் தரையில் போட்டு உரித்த பட்டையை, கழுவித் துடைக்கக்கூடிய மேசையில், சுத்தமான கையுடன் உரிக்க வேண்டியதாயிற்று. இதைப் பழக்குவதற்கென்றே கொஸ்கொடையில் ஒரு கறுவாப் பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டது. வெளிநாட்டுக்காரனின் சட்டம் நமது உரிப்பிடத்தைச் சுத்தமாக்கியது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூமரின்: கேசியாவுக்கு வந்த சோதனை

தரச் சட்டம் நம்மைத் தடுத்த கதை அது. அதே சட்டம் நமக்குக் கைகொடுத்த கதை இது.

கேசியாவில் 'கூமரின்' என்ற இயற்கைப் பொருள் அதிகம். கூடுதலாக உட்கொண்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். நமது கறுவாவில் அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அளவுக்குத்தான் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, ஒருவரின் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று கூமரினுக்கு நாளாந்த எல்லை வகுத்தது. 2006இல் ஜேர்மனியில் நத்தார்ப் பிஸ்கட்டுகளில் கூமரின் அதிகமிருப்பதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. 60 கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்கு 2 கிராம் கேசியாத் தூள் சாப்பிட்டாலே எல்லையைத் தொட்டுவிடுவார் என்றும், 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அரைக் கிராமே போதும் என்றும் அந்நாட்டு அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்குக் காட்டியது.

அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் சாதாரண இனிப்புப் பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றும், பாரம்பரியமாகவோ பண்டிகைக் காலத்திலோ செய்யும் கறுவாப் பண்டங்களில் 50 மில்லிகிராம் என்றும் எல்லை வைத்தது. 2013 டிசம்பரில் டென்மார்க்கின் பேக்கரிக்காரர்கள் கொதித்தது இதற்காகத்தான். தமது அன்றாடக் கறுவாச் சுருள் பணிஸ் 15 என்ற எல்லைக்குள் வராது என்றார்கள். அயல் நாடான சுவீடனோ அதே பணிஸைப் 'பாரம்பரியப் பண்டம்' என்று சொல்லி 50 என்ற எல்லையைக் கொடுத்திருந்தது. சட்டம் ஒன்று, அதை வாசிக்கும் கண் இரண்டு!

இந்த விவாதம் நமக்கு ஒரு நன்மை செய்தது. 'சினமனில் இரண்டு வகை உண்டா?' என்று ஐரோப்பியர் முதன்முறையாகக் கேட்கத் தொடங்கினார்கள். நாம் நூறு விளம்பரம் போட்டும் சொல்ல முடியாததை ஓர் ஆய்வுகூட இலக்கம் சொல்லிவிட்டது.

ஒரு வண்டு, ஒரு கூரைத் தகடு

எல்லாத் தடைகளும் இப்படி விஞ்ஞானத்தோடு மட்டும் நிற்பதில்லை. கறுவாவை விட்டு நமது தேயிலையை ஒரு நிமிடம் பார்ப்போம்.

2017 டிசம்பர் 18 முதல் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. காரணம், ஒரு பொதியில் 'கப்ரா' என்ற தானிய வண்டு ஒன்று காணப்பட்டதாம். ரஷ்யாவோ நமது தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. அதே காலத்தில் இலங்கை, புற்றுநோய் ஆபத்தைக் கருதி அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தயாராகிக்கொண்டிருந்தது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் நாடுகளில் ரஷ்யா முக்கியமானது. இலங்கை அரசாங்கம் அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் என்ன உறவு என்பதை வாசகியரே யோசித்துக்கொள்ளலாம்.

ஜப்பானுடன் நடந்தது வேறு மாதிரி. 2015இல் இலங்கை கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைசெய்தது. தோட்டங்கள் வேறு களைநாசினிகளுக்கு மாறின. அவற்றுள் ஒன்றின் எச்சத்துக்கு ஜப்பான் வைத்திருந்த எல்லை பத்து இலட்சத்தில் 0.01 பங்கு மட்டுமே. 2017, 2018ஆம் ஆண்டுகளில் ஜப்பானுக்குப் போன நமது தேயிலை அந்த எல்லையில் சிக்கியது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உள்நாட்டில் எடுக்கும் ஒரு முடிவு எந்த நாட்டுத் துறைமுகத்தில் போய் முட்டும் என்று முன்கூட்டியே பார்க்கத் தவறினால், நட்டம் கடைசியில் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையில்தான் விழும்.

பெயரைக் காப்பாற்றிய 2022

மீண்டும் கறுவாவுக்கு வருவோம். பெயர் ஒன்று, பட்டை இரண்டு என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை என்றோம். அதற்கு ஒரு மருந்து 'புவியியல் குறியீடு'. ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் மண்ணாலும் செய்யும் கையாலும் வருகிறது என்று நிரூபித்தால், அந்தப் பெயரை வேறெவரும் பயன்படுத்தாமல் சட்டம் காக்கும். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயரை இவ்வாறு பதிந்துகொண்டது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கு இத்தகைய பாதுகாப்புக் கிடைத்தது இதுவே முதல் தடவை. இனி ஐரோப்பாவில் கேசியாவை அந்தப் பெயரில் விற்க முடியாது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் ஒரு கவலை உண்டு. பெயரைப் பயன்படுத்த வேண்டுமானால் தோட்டத்திலிருந்து கப்பல் வரை பதிவுப் புத்தகம் வேண்டும், பரிசோதனை வேண்டும், சான்றிதழ் வேண்டும். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. நமது கறுவாவின் பெரும்பகுதி சிறு காணிக்காரர்களிடமிருந்து வருவது. அரை ஏக்கர் வைத்திருப்பவரால் ஆய்வுகூடக் கட்டணம் கட்ட முடியுமா? பெரிய கம்பெனிக்குத் தரக் கட்டளை ஏணி. சிறியவருக்கு அது சுவராகிவிடலாம். கூட்டாகச் சேர்ந்து சான்றிதழ் பெற உதவினால்தான் பெயரின் பயன் பட்டை உரிப்பவரின் வீடு வரை போய்ச் சேரும்.

தூளுக்குள் ஈயம்

பதிவும் பரிசோதனையும் வீண் செலவா என்று கேட்பவர்களுக்கு 2023இல் நடந்தது பதில் சொல்லும். அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிறு பிள்ளைகள் சாப்பிடும் அப்பிள் கூழ் பைக்கற்றுகளில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது தாய்மார் அறிந்ததே. கூழில் கலந்த கறுவாத் தூளில்தான் குற்றம் என்று தெரியவந்தது. கூழ் தயாரானது தென்னமெரிக்க நாடான எக்வடோரில்.

அந்தக் கறுவாவின் குச்சிகள் இலங்கையிலிருந்து போனவை! ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்: ஆதாரம் எதுவும் இல்லாவிட்டால் உலகம் யாரைக் குற்றம் சாட்டியிருக்கும்? ஆனால் எக்வடோர் அதிகாரிகள் அரைக்காத குச்சிகளைப் பரிசோதித்தபோது அவற்றில் ஈயம் இருக்கவில்லை. அங்கு அரைக்கும் இடத்திலேயே கலப்படம் நடந்திருக்கலாம் என்று 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது. ஈயம் கலந்த மஞ்சள் நிறச் சாயப்பொருளே கலக்கப்பட்டது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்கவும், பரிசோதித்துப் பார்க்கவும் முடிந்ததால் ஒரு நாட்டின் பெயர் காப்பாற்றப்பட்டது.

நம் வீட்டு வாசலில்

இதுவரை நமது சாமான் வெளியே போன கதை. வெளியிலிருந்து நமது சமையலறைக்கு வரும் சாமான்?

2021 மார்ச்சில், சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் நேரத்தில், இறக்குமதியான தேங்காயெண்ணெயில் 'அஃப்லடொக்ஸின்' என்ற பூஞ்சண நஞ்சு இருப்பது தெரியவந்து நாடே பரபரப்பானது. தென்னை நிறைந்த நாட்டில் வெளிநாட்டுத் தேங்காயெண்ணெய்! அந்த எண்ணெயைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். ஐரோப்பியர் நமது கறுவாவைச் சோதித்தபோது நமக்குக் கோபம் வந்தது. ஆனால் நமது பிள்ளைகள் சாப்பிடும் எண்ணெயை நாமும் அதேபோலச் சோதிக்கத்தானே வேண்டும்? சோதனையைத் தளர்த்தும் நாட்டுக்கு மற்றவர் கழித்துவிட்ட சாமான் வந்து சேரும். நல்ல எண்ணெய் ஆட்டும் உள்ளூர்க்காரரும் அதன் விலையோடு போட்டியிட முடியாமல் தோற்றுப்போவார்.

ஹலால் சான்றிதழும் ஒரு வகையில் தரக் கட்டளையே. 1997இல் கொடெக்ஸ் ஆணைக்குழுவே 'ஹலால்' என்ற சொல்லை எப்போது பயன்படுத்தலாம் என்று வழிகாட்டி எழுதியது. 2000ஆம் ஆண்டில் மலேசியா அதை நாட்டுக் கட்டளையாகவே ஆக்கியது. அத்தகைய சந்தைக்கு இலங்கை பிஸ்கட் போக வேண்டுமானால் ஹலால் சான்றிதழ் அவசியம். பிஸ்கட் செய்பவர் எந்த மதத்தவர் என்பது கேள்வியே அல்ல. 2013இல் இங்கு ஹலால் சின்னத்துக்கு எதிராகப் பிரசாரம் நடந்ததும், அவ்வாண்டு மார்ச்சில் உள்ளூர்ப் பொருட்களிலிருந்து சின்னத்தை எடுத்துவிட்டு ஏற்றுமதிக்குச் சான்றிதழ் கொடுப்பதென்று முடிவானதும் நமக்கு மறக்காது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் தகவல் உள்நாட்டு வாடிக்கையாளருக்கு இல்லை என்ற விசித்திரம் அன்று நடந்தது. 2014 முதல் தனியான ஒரு நிறுவனம் அந்தச் சான்றிதழ்ப் பணியை ஏற்றது.

எல்லாப் பொருளுக்கும் இக்கேள்வி பொருந்தும். முதல் தரம் கப்பலுக்கு, மிச்சம் ஊருக்கு என்ற மனப்பான்மை நமது வியாபாரத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அதை மாற்ற வல்லவர்கள் அன்றாடம் கடைக்குப் போகும் நாம்தான். சகோதரிகள் செய்யக்கூடியவை சில:

1. கறுவாவைத் தூளாக வாங்காமல் குச்சியாக வாங்குங்கள். தேவைக்கு வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாம். குச்சியில் கலப்படம் செய்வது கடினம். மிளகாய், மஞ்சளுக்கும் இது பொருந்தும்.

2. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் இரண்டு பட்டைகளின் வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள். தினமும் கறுவாத் தண்ணீர் குடிப்பவர்கள், பிள்ளைகளின் கஞ்சியில் தூள் தூவுபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

3. தண்ணீர்ப் போத்தல், டின் மீன் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரையையும், எல்லாப் பொருளிலும் திகதியையும், தயாரித்த அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரையும் பாருங்கள். பெயர் போட வெட்கப்படும் சாமானை நாம் ஏன் வாங்க வேண்டும்?

4. சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டு சாமானை வீசிவிடாதீர்கள். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அதிகாரசபையிடமோ சொல்லுங்கள். ஒருவர் செய்யும் முறைப்பாடு பத்து வீட்டைக் காக்கும்.

5. வீட்டிலிருந்தே மசாலாத் தூள், மாசி, அச்சாறு, இனிப்பு செய்து விற்கும் சகோதரிகள் இன்று பலர். நிறையையும், திகதியையும், என்னென்ன சேர்த்தீர்கள் என்பதையும் முதல் பைக்கற்றிலிருந்தே எழுதிப் பழகுங்கள். நாளை உங்கள் சாமான் ஊர் தாண்டிப் போகும்போது இந்தப் பழக்கமே கடவுச்சீட்டு.

தரத்தைக் கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் உள்ள ஊரில்தான் தரமாகச் செய்யத் தெரிந்த வியாபாரி உருவாகிறார். அவர்தான் பிறகு உலகச் சந்தையிலும் நிமிர்ந்து நிற்கிறார். ஆகவே அடுத்த முறை கடைக்காரர் கறுவாவை நிறுத்துத் தரும்போது ஒரு குச்சியை எடுத்துப் பாருங்கள்: மெல்லியதா, படைபடையாகச் சுருண்டிருக்கிறதா, விரலுக்கு நொறுங்குகிறதா? இல்லையென்றால், 'இது எந்த ஊர்ப் பட்டை?' என்று கேளுங்கள்.